உங்கள் பங்குக்கு ஓர் ஆள்

சிவமயம்

உரும்பிராய்
18.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி மகாதேவி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உங்கள் காதும் முழங்காலும் எப்படி என்று முதலில் எழுதுங்கள். மகள் தயாளினியையும் மருமகனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நேற்றுக் காலை வீட்டுக்குப் பின்னால் எங்கள் கோடிப்புறத்தில் நின்றவர்கள் நான், இவர், மேசன் செபநாயகம், வேலிக்கு அந்தப் பக்கம் பூப்பிடுங்க வந்த கஜானி. வேறு ஒருவரும் இல்லை. கஜானியின் தமக்கை உங்கள் ஊரில் இருக்கிறபடியால், கதை வேறு மாதிரி உங்களிடம் வந்து சேர முன்னம் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பத்தேழில் ஷெல்லுக்குப் பயந்து நீங்களும் இவரும் வெட்டின பங்கர் நினைவிருக்கும். மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த இடத்து மண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மாரியில் முழங்காலளவு தண்ணீர் நின்று மூன்றாம் நாள் வற்றிவிடும். அந்த மூன்று நாளும் இவர் கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டு, அதில் சாய்ந்திருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த முறை வற்றின பிறகும் கதிரையை எடுக்கவில்லை. "இதை ஒரு குளமாக்கினால் என்ன? உனக்கும் பிள்ளையாருக்கு வைக்கத் தாமரை கிடைக்கும்" என்றார். ஐப்பசியில் நெஞ்சில் ஒபரேசன் செய்த பிறகு இவர் தானாக ஒன்றை வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. வைத்தியர் காலையும் மாலையும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார். "வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி ரோட்டாலை திரியிறதோ" என்று வாசல் படலையைத் தாண்டுகிறாரில்லை. 

செபநாயகம் அளந்து பார்த்து, சீமெந்துத் தொட்டி கட்ட இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்றார்.

"தொட்டி வேறை, குளம் வேறை. நான் வெட்டுறன்" என்றார் இவர்.

"ஐயா, நெஞ்சைத் தைச்சு நாலு மாசம்தானே."

"தைச்சது நெஞ்சை. கையை இல்லை."

கஜானி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிக்கு ஆளை விட்டு வெட்டுவிப்பதா, இவரையே வெட்ட விடுவதா? அண்ணை சொல்கிறபடி செய்கிறேன். பிள்ளையாரின் விபூதி மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
மகாதேவி


ஸ்காபுறோ
14.03.2024

அன்புள்ள மகாதேவி,

கடிதமும் விபூதியும் கிடைத்தன. விபூதி பாதி உறையிலேயே கொட்டுப்பட்டுவிட்டது. மிச்சத்தைப் பூசினேன். பனி இன்னும் போகவில்லை. முழங்கால் பரவாயில்லை. காதுக்கு மெஷின் மாற்றினார்கள். போட்டால் எல்லாரும் தகரப் பெட்டிக்குள் இருந்து கதைப்பது போலக் கிடக்கிறது. போன் எடுத்து ஒன்றும் விளங்காமல் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறதை விட இப்படி எழுதுவது எனக்குச் சந்தோஷம்.

நீ கேட்டதற்குப் பதில் ஒரு வரி. ஆளை விடு. பஞ்சலிங்கத்தின் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? காசு நான் அனுப்புகிறேன். உன் கணக்குக் கொப்பியில் எழுதி வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று. எங்கள் செம்மண் தண்ணீரைக் குடித்துவிடும். சீமெந்து போடாமல் எப்படி நிற்கும் என்று அவரைக் கேட்டுப் பார். தோட்டக்காரனுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தயாளினி வேலைக்குப் போனால் இரவுதான் வருவாள். நான் சுகமாக இருக்கிறேன்.

அண்ணன்
தியாகலிங்கம்


சிவமயம்

உரும்பிராய்
10.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

வருஷப்பிறப்புக்கு முன்னம் இது உங்களிடம் வராது என்று தெரியும். இருந்தாலும் வாழ்த்து வாழ்த்துத்தான். "நான் சுகமாக இருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். பகலில் யாரோடு கதைக்கிறீர்கள் என்று எழுதவில்லை.

உங்கள் கடிதம் வர முன்னமே இவர் வெட்டத் தொடங்கிவிட்டார். நீளம் எட்டு முழம், அகலம் ஆறு முழம், ஆழம் இடுப்பளவு என்று கயிறு பிடித்து முளை அடித்தார். இவர் வெட்டிப் பனையோலைக் கடகத்தில் பாதிக்கு நிரப்புவார், நான் சுமந்துபோய் வாழையடியில் கொட்டுவேன். அறுநூறு கடகம் வரும் என்று கணக்கு.

நான் மறித்திருக்கலாம் என்பீர்கள். முதல் நாள் வெட்டிவிட்டு வந்து, ஒபரேசனுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு கேட்டார், அண்ணை. அதற்குப் பிறகு நான் எப்படி மறிக்க?

செம்மண் தண்ணீர் குடிக்கும் என்று நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். "தியாகுவுக்கு உது மட்டும் மறக்கேல்லை" என்றார். கோப்பாய் வயல்வெளியில் இருந்து களிமண் ஏற்றி, அரைச் சாண் கனத்துக்குப் பரப்பி, காலால் மிதித்து இறுக்க வேண்டுமாம். நன்றாக மிதித்த களியில் ஒரு சொட்டும் இறங்காதாம். 

நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிறவள் என்பது தெரியும்தானே. முதல் நாள் இருபத்திரண்டு கடகம். பிறகு இருபது, பத்தொன்பது, பதினைந்து, பதினொன்று, நேற்று எட்டு.

ஆண்டவன் துணை.

மகாதேவி


ஸ்காபுறோ
05.05.2024

அன்புள்ள மகாதேவி,

நலம். உங்கள் நலம் பற்றி எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

நீ எழுதின எண்கள் இறங்கிக்கொண்டு போகின்றன. உனக்கும் அது தெரிந்துதான் வரிசையாக எழுதியிருக்கிறாய். நிறுத்து. செபநாயகத்தைக் கூப்பிடு. தொட்டியோ குளமோ, எதையாவது அவரைக் கொண்டு வெட்டுவி.

பகலில் யாரோடு கதைக்கிறேன் என்று கேட்டாய். வீட்டுக்கு முன்னால் ஒரு மரத்தில் அணில் ஒன்று வரும். அதற்கும் என் மெஷினில் சத்தம் இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

தியாகலிங்கம்


சிவமயம்

உரும்பிராய்
02.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லாரும் நல்ல சுகம். சித்திரை வெயிலுக்கு ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்திருந்தோம். கிளினிக்குக்கும் போய் வந்தோம். மருந்து மாற்றவில்லை.

சென்ற கிழமை நாலு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணறு இறைத்துச் சேறு எடுத்தோம். நாலு பங்கில் மூன்று பங்குக்காரர் தாங்களே வந்தார்கள். உங்கள் பங்குக்கு வழமை போல இவர் ஆள் பிடித்து நிறுத்தினார். அந்த ஆள் கொஞ்சம் பிந்தி வர, "தியாகலிங்கத்தின்ரை பங்கு இன்னும் வரேல்லை" என்று எல்லாரும் பகிடி விட்டார்கள். வந்த பிறகு உங்களுக்கென்று ஒரு தேத்தண்ணி வைத்து அவரிடம் கொடுத்தேன். ஊற்று நன்றாக இருக்கிறது. தண்ணீர் இனிப்பு.

குளத்து வேலை திரும்பத் தொடங்கிவிட்டது. இந்தக் கிழமை இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்று. ஆளை விடத் தேவையில்லை.

தாமரைக் கிழங்கு வன்னிப் பக்கம் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விபூதி இந்த முறை இரண்டு கடதாசியில் மடித்திருக்கிறேன்.

மகாதேவி


ஸ்காபுறோ
25.06.2024

அன்புள்ள மகாதேவி,

விபூதி கொட்டுப்படாமல் வந்தது. தேத்தண்ணிக்கும் நன்றி. இங்கே இருந்தே குடித்தேன்.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வெயிலுக்கு முன்னம் எட்டுக் கடகம் வெட்டின மனிசன் வெயிலுக்குப் பிறகு முப்பத்தொன்று வெட்டுவாரா? நீ சின்ன வயதில் பொய் சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுவாய். "ஆளை விடத் தேவையில்லை" என்று மூன்றரை மாதத்துக்குப் பிறகு ஒரே வரியில் எழுதியிருக்கிறாய்.

மண்வெட்டி பிடிக்கிறது யார்? அதை மட்டும் எழுது.

தியாகலிங்கம்


உரும்பிராய்
15.07.2024

மச்சான் தியாகு அறிவது,

நான் கடிதம் எழுதிப் பழகாதவன். மகாதேவி கோயிலுக்குப் போன நேரம் இதை எழுதுகிறேன். கஜானி தபாலில் போடுவாள். உன் மறுமொழியைக் கஜானியின் விலாசத்துக்குப் போடு. அல்லது போடவே வேண்டாம்.

உன் தங்கச்சி நான் மத்தியானம் நித்திரை கொள்ளும்போது போய் வெட்டுகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். நாற்பது வருஷம் தோட்டம் கொத்தினவனுக்கு மண்ணைப் பார்த்தால் யாருடைய வெட்டு என்று தெரியாதா? அவள் இடக்கைக்காரி. உங்கள் அம்மா சின்ன வயதில் கையைக் கட்டி வைத்தும் மாறவில்லை என்று நீதான் சொன்னாய். அவள் வெட்டின கரை இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மண்வெட்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். அவள் இளைத்துச் சத்தம் நின்றால் எனக்கும் மூச்சு நிற்கும். திரும்பக் கேட்டால்தான் விடுவேன். நிற்பாட்டு என்று சொன்னால் "அப்ப நீங்களும் நிற்பாட்டுங்கோ" என்பாள். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உண்மை உனக்குத்தான். எட்டுக் கடகத்துக்கு மேலே என்னால் ஏலாது. நெஞ்சு அடைக்கிறது. தோட்டத்தை ஆளிடம் விட்டுவிட்டேன். இதையும் விட்டால் விடிய எழும்பி நான் எங்கே போக?

அவளுக்கு அறுபத்தொரு வயது. என்ன செய்வது என்று சொல்லு. அவளிடம் சொல்லாதே.

பஞ்சலிங்கம்


சிவமயம்

உரும்பிராய்
21.07.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம், உள்ளங்கை இரண்டைத் தவிர.

எட்டு என்று எழுதின கணக்குச் சரி. அதற்குப் பிறகு எழுதினது இரண்டு பேருடைய கணக்கு.

விளக்கு வைத்த பிறகு இவர் கொப்பியை வாங்கி வாசிப்பது வழக்கம். எட்டு என்று வாசித்த அன்று சாப்பிடாமல் எழும்பிவிட்டார். வெயில் ஆறித் திரும்பத் தொடங்கின நாள் அதே எட்டுத்தான் வந்தது. இவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் நான் போய் இருபது கடகம் வெட்டிக் கொட்டிவிட்டு, இருபத்தெட்டு என்று எழுதினேன். பின்னேரம் கொப்பியை வெகுநேரம் பார்த்தார். "காலமை இவ்வளவு வெட்டினனானோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அன்றைக்குச் சோறு சாப்பிட்டார்.

அடுத்த நாள் பிள்ளையாரிடம் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். பன்னிரண்டோடு முழங்கால் பிடித்துவிட்டது. மிச்சத்தைக் குளம் முடிந்த பிறகு போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று வரை முந்நூறு கடகம். பாதிக் குழி ஆகிவிட்டது. மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கை விறைக்கிறபடியால் இப்போது கிழமையில் ஒரு நாள்தான் வெட்ட முடிகிறது. ஆனால் ஆளைக் கூப்பிட்டால் இவர் அந்தக் கதிரையில் போய் இருந்துவிடுவார், அண்ணை. எழும்பமாட்டார். எனக்குக் குழியை விட அந்தக் கதிரைக்குத்தான் பயம்.

இவரிடம் சொல்லிவிடாதீர்கள். என்ன செய்ய என்று எழுதுங்கள்.

மகாதேவி


ஸ்காபுறோ
14.08.2024

அன்புள்ள மச்சானுக்கும் தங்கச்சிக்கும்,

இது இருவரும் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டிய கடிதம். மகாதேவி சத்தமாக வாசிக்கட்டும். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறியிருக்கும். எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கள்.

எனக்குக் காது போனாலும் வாய் மூடத் தெரியும். அதனால் யார் எனக்கு என்ன எழுதினார்கள் என்று இதில் எழுதப் போவதில்லை. என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பத்தேழில் அந்தப் பங்கரை நானும் மச்சானும் பாதி பாதி வெட்டினதாக அம்மாவிடம் சொன்னோம். உண்மை அதில்லை, மகாதேவி. இரண்டாம் நாளே என் உள்ளங்கை கொப்பளித்து உடைந்துவிட்டது. நான் மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு பீடி பிடித்தேன். என் பாதியையும் வெட்டினது இவர்தான். அம்மா எனக்கும் ஒரு முட்டை கூடப் பொரித்து வைத்தா. நான் சாப்பிட்டேன். இவர் வாய் திறக்கவில்லை. இன்று வரை திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு மூன்று முறை நாங்கள் எல்லாரும் அதற்குள் இருந்து உயிர் தப்பினோம்.

ஆகவே அந்தக் குழியில் என் பங்கு வெட்டப்படாமல் கிடக்கிறது. மகாதேவியின் கொப்பிப்படி மிச்சம் இருப்பது சரி பாதி.

மச்சான், பங்குக் கிணற்றுச் சேறு எடுக்க வர ஏலாதவன் ஆளை விடுவான். அதை நீயோ வேறு யாருமோ மறுத்ததில்லை. வருஷா வருஷம் என் பங்குக்கு ஆள் பிடித்து நிறுத்துகிறவன் நீதான். இந்த முறை நானே பிடித்திருக்கிறேன். தயாளினியைக் கொண்டு செபநாயகத்துக்குப் போன் எடுப்பித்துக் கதைத்தாயிற்று. அவர் மேசனாக வரமாட்டார். என் ஆளாக வருவார். என் பங்கை வெட்டி முடிக்கும் வரை நீங்கள் இருவரும் மண்வெட்டி தொடக் கூடாது. மற்றவன் பங்கில் கை வைப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை.

களி மிதிக்க நான் ஆள் விடமாட்டேன். அது உங்கள் பங்கு.

தியாகலிங்கம்


சிவமயம்

உரும்பிராய்
27.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதப் பிந்திவிட்டது. நாங்கள் உண்மையாகவே சுகம். இந்த முறை வரிசையாக எழுதுகிறேன், நம்பலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் இவர் எழும்பினார். "அந்த முட்டை விசயத்தை இப்பதான் ஒத்துக்கொள்ளுறான்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கழுவி, எண்ணெய் பூசி, சுவரோடு சாய்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்து வைத்தது தோற்றவர் வைக்கிற மாதிரி இல்லை, அண்ணை. வேலை முடித்தவர் வைக்கிற மாதிரி இருந்தது.

செபநாயகம் வந்த காலை கோடிப்புறத்தில் நின்றவர்கள் நான், இவர், செபநாயகம், வேலியில் கஜானி. அதே நாலு பேர். செபநாயகம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஐயா, நான் இண்டைக்கு மேசன் இல்லை. தியாகலிங்கத்தாரின்ரை ஆள்" என்றார்.

"தியாகுவின்ரை ஆள் எண்டால் ரெண்டாம் நாள் கை கொப்பளிக்குமே" என்றார் இவர்.

கஜானி சிரித்தாள். இந்த முறை நானும் சிரித்தேன்.

இவர் கதிரையில் இருக்கவில்லை. குழிக்கரையில் நின்று எங்கே வெட்ட வேண்டும், எங்கே கல் தலைகாட்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றார். கடைசி நாள் செபநாயகம் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேற்குக் கரை முழுக்க இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. நேராக்கி விடட்டோ?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. கரையைத்தான் பார்த்தார். "அதிலை கை வைக்காதை. அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

நான் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வாழையடிக்குப் போய், கொட்டி முடிந்த பிறகும் அங்கேயே நின்றேன். மேற்குக் கரை நான் மத்தியானங்களில் வெட்டினது. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டுதான் கொப்பியை வாசித்திருக்கிறார். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்கமாட்டேன்.

கோப்பாயில் இருந்து இரண்டு லோட் களி வந்தது. தண்ணீர் தெளித்துப் பரப்பிக் காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் இருவரும் மிதித்தோம். இவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு, சுற்றிச் சுற்றி. இருபத்தாறு நாள். ஆறாம் நாள்தான் எனக்கு நினைவு வந்தது, வைத்தியர் சொன்ன நடை இதுதானே என்று. இவரிடம் சொல்லவில்லை. கொப்பியில் கடகக் கணக்கை நிறுத்தி, மணிக்கணக்கு எழுதத் தொடங்கினேன். மழைக்கு முந்தின கிழமை கிளினிக்கில் வைத்தியர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "ஐயா ஒழுங்கா நடக்கிறியள் போல" என்றார். "நான் ஒரு இடமும் நடக்கேல்லை, டொக்டர். களி மிதிச்சனான்" என்றார் இவர். கொப்பியைக் காட்டினேன். வைத்தியர் வாசித்துவிட்டு, மிதித்து முடிந்தால் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, இனிக் காலையும் மாலையும் குளத்துக்குத் தண்ணீர் பார்க்கப் போக வேண்டும் என்றார். வீட்டில் இருந்து குளம் இருபது அடி. அதை ஐந்து முறை சுற்றி வருகிறார் இப்போது. படலைக்கு வெளியேயும் இரண்டு நாள் போய் வந்தார். களி எடுத்த வயலைப் பார்க்க என்று சொன்னார்.

முதல் மழை பெய்து இன்று ஒன்பதாம் நாள். ஒரு முழத் தண்ணீர் நின்றது. குச்சி நட்டுப் பார்த்து வருகிறேன். வெயில் குடித்தது இரண்டு விரல். மண் குடித்தது ஒன்றும் இல்லை. புலுனிக் குருவிகள் வந்து மேற்குக் கரையில்தான் இறங்குகின்றன, சரிவு அவைகளுக்கு வசதியாம். மிச்சத் தோப்புக்கரணத்தையும் போட்டு முடித்துவிட்டேன்.

தாமரைக் கிழங்கு வந்திருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றிச் சட்டிக்குள் வைத்திருக்கிறோம். தை பிறந்து தண்ணீர் தெளிந்த பிறகு நடலாம் என்கிறார் இவர். "தியாகுவின்ரை பங்குக் கிழங்கு ரெண்டு கிடக்கு. எழுது" என்றார். உங்கள் பங்குக்குச் செபநாயகத்தைக் கூப்பிடவா என்று கேட்டேன். "கிழங்கு வைக்கிறதுக்கு ஆள் விட ஏலாது. அவனை வரச் சொல்லு" என்றார்.

காது கேளாமல் வந்து என்ன செய்ய என்று எழுதப் போகிறீர்கள். இந்தக் குளத்தடியில் கேட்கிறதற்கு ஒன்றும் இல்லை, அண்ணை. பார்க்கிறதற்குத்தான் இருக்கிறது. இரண்டாவது கதிரை போட்டாயிற்று. விபூதியை மூன்று கடதாசியில் மடித்திருக்கிறேன்.

கிழங்கு தை வரைக்கும்தான் தாங்கும். வருகிறீர்களா இல்லையா என்று கெதியாகப் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி
மகாதேவி